நாமக்கல் பாறைக்கு 250 கோடி வயசு... அதை அளக்க வழி காட்டிய ஆல்ஃபிரட் நியர் யார்?

நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டி, குன்னமலை. சந்திரயான்-2 திட்டத்துக்காக இஸ்ரோ செயற்கை நிலா மண் தயாரிக்க பாறை எடுத்த ஊர்கள் இவை. நிலாவில் இருப்பது போன்ற அனார்த்தோசைட் பாறை நம்ம கொங்கு மண்ணிலும் இருக்கு. சித்தம்பூண்டி பாறையின் வயது சுமார் 250 கோடி ஆண்டுகள்.

சரி, பாறைக்கு ஏது பிறப்புச் சான்றிதழ்? இதை எப்படி கண்டுபிடிச்சாங்க? அதுக்கு பதில் தேடிப் போனால், அமெரிக்க விஞ்ஞானி ஆல்ஃபிரட் நியரிடம் போய் நிற்போம்.

யார் இவர்?

1911-ல் மின்னசோட்டா மாகாணத்தின் செயின்ட் பால் நகரில் பிறந்தவர். பெற்றோர், ஜெர்மனியிலிருந்து குடியேறியவர்கள். முதலில் படிச்சது மின் பொறியியல். பிறகு இயற்பியலுக்கு மாறி, 1936-ல் முனைவர் பட்டம் பெற்றார். தனக்குத் தேவையான கருவியைத் தானே வடிவமைப்பது அவரோட பலம். அந்தக் கருவிதான் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர், அதாவது அணுக்களை எடை வாரியாகப் பிரிக்கும் நிறமாலைமானி.

கருவி எப்படி வேலை செய்யும்?

திம்பம் மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளை நினைச்சுக்கோங்க. பைக் சட்டுன்னு திரும்பிடும். லோடு லாரி அகலமா சுத்தித்தான் திரும்பும். கருவிக்குள்ளயும் கிட்டத்தட்ட அதே கதைதான். மின்னூட்டம் பெற்ற அணுக்கள் காந்தப்புலத்தில் பாயும்போது, எடை குறைந்தவை அதிகமா வளையும், கூடியவை குறைவா வளையும். எந்தப் பாதையில் எவ்வளவு வருதுன்னு அளந்தால் விகிதம் கிடைச்சிடும்.

யுரேனியத்தில் என்ன சிக்கல்?

யுரேனியம்-235, யுரேனியம்-238 இரண்டுக்கும் எடை வித்தியாசம் வெறும் 1 சதவீதம் சொச்சம். போதாக்குறைக்கு 235 மிகவும் அரிது. அப்படி ஒன்று இருப்பதையே 1935-ல்தான் ஆர்தர் டெம்ப்ஸ்டர் கண்டுபிடித்தார். 1939-ல் நியர் அளந்து சொன்ன கணக்கு: 139 பங்கு 238-க்கு 1 பங்கு 235. இன்றைய நவீன கருவிகள் காட்டுவது சுமார் 137.8. அந்தக் காலத்திலேயே ஒரு சதவீதத்துக்குள் நெருங்கிட்டார்!

தபாலில் போன யுரேனியம்

அணுவைப் பிளந்தால் ஆற்றல் வரும்னு அப்போது தெரிஞ்சிடுச்சு. ஆனால் மெதுவான நியூட்ரானால் பிளவது 235-ஆ, 238-ஆ? 1940 பிப்ரவரி இறுதியில், கண்ணுக்கே தெரியாத அளவு யுரேனியத்தைப் பிரித்தெடுத்த நியர், அதைக் கடிதத்தில் ஒட்டி கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குத் தபாலில் அனுப்பினார். மார்ச் மாதமே விடை வந்தது: பிளவது 235. யுரேனியத்தைச் செறிவூட்டும் முயற்சிக்கு இது அடிப்படையாச்சு. போர்க்காலத்தில் மன்ஹாட்டன் திட்டத்திலும் அவர் பணியாற்றினார். அந்த யுரேனியம் 1945 ஆகஸ்ட் 6-ல் ஹிரோஷிமா மீது விழுந்தது.

பாறைக்கு வயசு சொல்வது எப்படி?

யுரேனியம் மெல்ல மெல்ல ஈயமாக மாறும். 238-ல் பாதி மாற சுமார் 447 கோடி ஆண்டுகள், 235-ல் பாதி மாற சுமார் 70 கோடி ஆண்டுகள் ஆகும். பாறையில் இருக்கும் சிர்கான் படிகத்தில் எவ்வளவு யுரேனியம் மிச்சம், எவ்வளவு ஈயம் சேர்ந்திருக்குன்னு அளந்தால் வயது தெரிஞ்சிடும். நியரின் ஈய அளவீடுகளை வைத்துத்தான் 1946-ல் ஆர்தர் ஹோம்ஸ் பூமியின் வயதைக் கணக்கிட்டார். 1956-ல் கிளேர் பேட்டர்சன் அதை 455 கோடி ஆண்டுகள் என்று உறுதி செய்தார்.

இன்னைக்கு இதனால் என்ன பயன்?

கல்பாக்கத்தில் உள்ள சென்னை அணுமின் நிலையம் இயற்கை யுரேனியத்தில் ஓடுது. அதில் 235-ன் பங்கு சுமார் 0.7 சதவீதம்தான். கூடங்குளத்துக்குத் தேவை செறிவூட்டிய யுரேனியம். ஆயுதத்துக்கு என்றால் இன்னும் பல மடங்கு செறிவு வேணும். ஒரு நாடு மின்சாரம் தயாரிக்குதா, குண்டு தயாரிக்குதான்னு சர்வதேச ஆய்வாளர்கள் சோதிப்பதும் இந்த விகிதத்தை அளந்துதான்.

நியர் நோபல் பரிசு வாங்கலை. 1976-ல் செவ்வாய்க்குப் போன வைக்கிங் விண்கலங்களில் அவரது கருவிகளும் போயின. 1994-ல் அவர் காலமானார். அடுத்த முறை சித்தம்பூண்டி பக்கம் போனால், ரோட்டோரப் பாறையைக் கொஞ்சம் நின்னு பாருங்க. 250 கோடி ஆண்டு கணக்கு அதுக்குள்ளதான் இருக்கு.