நம்ம ஊர் டாக்டரம்மாவும் நம்ம பரீட்சை டைம்டேபிளும்



பொதுத்தேர்வு நெருங்க நெருங்க எல்லோர் வீட்டுச் சுவரிலும் ஒரு டைம்டேபிள் ஏறிவிடும். காலை 4 மணிக்கு எழுந்திருக்கணும், 6 மணி வரை கணக்கு, அப்புறம் அறிவியல் என்று கலர் ஸ்கெட்ச்ல அழகா எழுதி ஒட்டிடுவோம். மூணாவது நாளே அது சும்மா தொங்கும். ஏன் அப்படி ஆகுது? அதுக்குப் பதில் நம் புதுக்கோட்டையில் பிறந்த ஒருவரின் வாழ்க்கையில் இருக்கிறது. அவர்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

பள்ளிக்கூடம் போகாமலே பாஸ்

முத்துலட்சுமி 1886-ம் ஆண்டு ஜூலை 30-ம் தேதி புதுக்கோட்டையில் பிறந்தார். அப்போ இது மாவட்டம் இல்லை, தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட தனி சமஸ்தானம். அப்பா நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியின் முதல்வராகப் பணியாற்றியவர். அம்மா சந்திரம்மாள், பெண்பிள்ளைகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கம் இருந்த குலத்தில் பிறந்தவர்.

அந்தக் காலத்தில் பெண்பிள்ளை பெரியவளாகிவிட்டால் பள்ளிக்கூடம் அதோடு நின்றுவிடும். முத்துலட்சுமிக்கும் நின்றது. ஆனால் படிப்பு நிற்கவில்லை. அப்பாவும் ஆசிரியர்களும் வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். யோசிச்சுப் பாருங்க! மணி அடிச்சா வகுப்பு, மணி அடிச்சா அடுத்த பாடம் என்பதெல்லாம் அவங்களுக்குக் கிடையாது. பக்கத்து பெஞ்சில் நோட்டு வாங்கிப் பார்த்து எழுதத் தோழியும் கிடையாது. அப்படிப் படித்து 1902-ல் மெட்ரிகுலேஷன் தேர்வில் தேறினார். அப்போ வயசு 16. கிட்டத்தட்ட நம்ம பத்தாம் வகுப்பு, பதினொன்றாம் வகுப்பு வயசுதான்!

பையன்கள் கல்லூரியில் ஒரே பெண்

அடுத்து கல்லூரி. ஊரில் இருந்ததோ பையன்கள் படிக்கும் மகாராஜா கல்லூரி ஒன்றுதான். இன்று நாம் மன்னர் கல்லூரி என்று சொல்கிறோமே, அதேதான். முத்துலட்சுமி விண்ணப்பம் போட்டதும் ஊரில் பெரிய எதிர்ப்பு. ஒரு பெண் வந்து உட்கார்ந்தால் பையன்கள் கெட்டுப்போய்விடுவார்கள் என்றார்கள். அம்மாவின் குலத்தையும் சொல்லிக் குறை பேசினார்கள். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அதையெல்லாம் கேட்கவில்லை. அவரைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி ஆணையிட்டார். 1904-ல் பையன்கள் நிறைந்த அந்தக் கல்லூரியில் முத்துலட்சுமி ஒரே பெண்ணாகச் சேர்ந்தார்.

இவர் ஃபெயில் ஆகியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பெண்ணுக்குப் படிப்பு வராதுன்னு அன்னைக்கே ஊர் முடிவு கட்டியிருக்கும். அடுத்து இன்னொரு பெண் விண்ணப்பம் போடவே பயந்திருப்பாள். அவர் எழுதிய பரீட்சையில் அவருடைய மார்க் மட்டும் இல்லை, பின்னால் வரப்போகும் எத்தனையோ பெண்களின் கதவும் இருந்தது. அவர் தேறினார்.

அதே வருடங்களில் கும்பகோணத்தில்...

இந்த இடத்தில் இன்னொருவரையும் நினைத்துப் பார்க்கணும். முத்துலட்சுமியைவிட ஒரு வயது சின்னவர், 1887-ல் பிறந்தவர், கணித மேதை ராமானுஜன். அவரும் 1904-ல்தான் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் எஃப்.ஏ. வகுப்பில் சேர்ந்தார். உதவித்தொகையும் கிடைத்தது. ஆனால் முழு நேரத்தையும் கணக்குக்கே கொடுத்துவிட்டார். ஆங்கிலத்தில் தவறியதால் உதவித்தொகை போயிற்று. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து 1906-லும் 1907-லும் எஃப்.ஏ. தேர்வு எழுதினார். இரண்டு தடவையும் மற்ற பாடங்களில் தவறிவிட்டார். அந்த மூளைக்கு இங்கிலீஷும் உடலியலும் வராமலா போயிருக்கும்? வரும். அதுக்கு அவர் நேரம் ஒதுக்கவில்லை, அவ்வளவுதான்.

ராமானுஜனுக்கு பின்னால் உலகமே கை கொடுத்தது. 1918-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினர் ஆக்கியது. ஆனால் நடுவில் அவர் பட்ட வறுமையும் அலைச்சலும் கொஞ்சமல்ல. நாம எல்லாரும் ராமானுஜன் இல்லையே! நமக்கு 5 பாடத்திலும் தனித்தனியாக 35 வேணும். நாலு பாடத்தில் 90 வாங்கி ஒன்றில் 34 வாங்கினாலும் அந்தப் பாடத்தை மறுபடி எழுதித்தான் ஆகணும்.

பரீட்சை முடிந்தபிறகும் பரீட்சை

1907-ல் முத்துலட்சுமி மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். ஐந்து வருடப் படிப்பு. 1912-ல் சிறப்பான மதிப்பெண்களோடு டாக்டர் ஆனார். எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் முதல் பெண் ஹவுஸ் சர்ஜன் அவர்தான். 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தன்னைச் சமமாக நடத்தணும், தன் சேவைக்குத் தடை சொல்லக்கூடாது என்று முன்கூட்டியே நிபந்தனை போட்டுத்தான் கல்யாணத்துக்குச் சம்மதித்தார்!

1923-ல் அவருடைய தங்கை புற்றுநோயில் இறந்துபோனார். அந்த வேதனை அவரை விடவில்லை. 1925-ல் இங்கிலாந்து போய் மேல்படிப்பு படித்தபோது புற்றுநோய் சிகிச்சையையும் கற்றுக்கொண்டார். ஊருக்கு வந்து தனி மருத்துவமனை வேணும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். 1954-ல்தான் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளோடு திறந்தது. அதாவது 31 வருடம்!

1926-ல் சென்னை சட்டமன்றத்தில் முதல் பெண் உறுப்பினர் ஆனார். துணைத்தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க 1927-ல் அங்கே தீர்மானம் கொண்டுவந்தார். 1930-ல் காந்தியடிகளைச் சிறையில் அடைத்தபோது பதவியையே தூக்கிப் போட்டார். ஆனால் வேலையை விடவில்லை. தங்க இடம் இல்லாமல் வந்த பெண்பிள்ளைகளுக்காக அதே காலத்தில் அவ்வை இல்லம் தொடங்கினார். பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் 1947-ல் வந்தது. 20 வருடம்! 1956-ல் பத்மபூஷண் விருது பெற்ற அவர், 1968 ஜூலை 22-ல் மறைந்தார்.

கவனிச்சீங்களா? டாக்டர் வேலை, வீடு, குழந்தைகள், சட்டமன்றம், அவ்வை இல்லம், மருத்துவமனை... ஒன்றுக்காக இன்னொன்றை அடியோடு விடவில்லை. ஒவ்வொன்றுக்கும் தன் நேரத்தில் ஒரு பங்கு வைத்தார்.

இப்போ நம்ம டைம்டேபிள்

நம்ம டைம்டேபிள் ஏன் மூணு நாளில் சாகுது? நம்மிடம் இல்லாத நேரத்தை வைத்துப் போடுவதால்தான். கைடு புத்தகத்தில் ஒரு நாளைக்கு 6 மணி நேரம் படின்னு இருக்கும். கீரமங்கலம் பக்கம் விடியக்காலையில் பூப்பறிக்கப் போகும் பிள்ளைக்கு 4 மணிக்கு எழுந்து படிக்க முடியுமா? சாயங்காலம் தண்ணி எடுத்து, ஆடு பிடிச்சுக் கட்டி, தம்பிக்குச் சோறு போடும் அக்காவுக்கு 6 மணி எங்கே கிடைக்கும்? இது நம்ம குறை இல்லை. முத்துலட்சுமிக்கும் மற்றவர்களைப் போலப் பள்ளிக்கூட நேரம் கிடைக்கவில்லை. கிடைத்ததை வைத்துத்தான் படித்தார். அதனால்:

1. முதலில் பாடத்தை எழுதாதீங்க, வேலையை எழுதுங்க. ஒரு நாளில் வீட்டு வேலை, பஸ், தூக்கம் எல்லாம் போக மிச்சம் எவ்வளவு என்று மூணு நாள் குறிச்சுப் பாருங்க. 2 மணி நேரம்தான் என்றால் 2 மணி நேரம்தான்.

2. அதைப் பங்கு போடுங்க. 40 நாள் இருக்குன்னு வெச்சுக்குவோம். 2 மணி வீதம் 80 மணி நேரம். கணக்கு பயமுன்னா கணக்குக்கு 22, ஆங்கிலம் 18, அறிவியல் 16, சமூக அறிவியல் 14, தமிழ் 10. கூட்டினால் சரியாக 80. எந்தப் பாடத்துக்கும் பூஜ்யம் போடக்கூடாது. பிடித்த பாடத்துக்கே எல்லாத்தையும் கொடுக்கவும் கூடாது.

3. பயப்படுகிற பாடம் முதலில். மூளை களைக்கும் முன்னாடியே அதை முடிச்சிடணும். பிடித்த பாடம் தூக்கக் கலக்கத்திலும் ஓடும்.

4. புத்தகத்தை மூடிவிட்டு எழுதிப் பாருங்க. பத்து தடவை வாசிப்பதைவிட ஒரு தடவை பார்க்காமல் எழுதுவது மேல். படிச்சதை மறுநாள் ஒருமுறை, ஒரு வாரம் கழிச்சு ஒருமுறை திருப்பணும்.

5. வாரத்தில் ஒரு வேளையை வெறுமனே விடுங்க. திருவிழா வரும், காய்ச்சல் வரும், கரண்ட் போகும். விட்டுப்போனதை அந்த நேரத்தில் பிடிக்கலாம். அந்த இடைவெளி இல்லாத டைம்டேபிள்தான் மூணாம் நாள் செத்துப்போகுது.

பெற்றோர்களும் இந்தச் சுவர் பக்கம் வருவீர்கள் அல்லவா? உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். அன்று நாராயணசாமி ஐயர் மகளை வீட்டில் வைத்துக்கொண்டே பாடம் சொல்லிக் கொடுத்தார். பரீட்சை வரைக்குமாவது அக்காவின் வேலையில் கொஞ்சம் தம்பியும் செய்யட்டுமே!

உங்களுக்குத் தெரியுமா?

* நம் ஊர்த் தாய்மார்கள் பேறுகாலத்தில் வாங்கும் அரசு நிதியுதவித் திட்டத்துக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயர்தான் வைத்திருக்கிறார்கள்.

* இந்தியாவின் முதல் பெண் டாக்டர் அவர்தான் என்று சிலர் தப்பாக எழுதுகிறார்கள். கல்கத்தாவில் காதம்பினி கங்கூலி 1886-லேயே டாக்டர் ஆகிவிட்டார். வினாடி வினாவில் ஏமாறாதீங்க!

நண்பர்களே, மன்னர் கல்லூரி வழியாகப் போகும்போது ஒரு நிமிடம் நில்லுங்கள். 1904-ல் அந்த வாசலில் தயங்காமல் நுழைந்த ஒரு பெண்ணை நினையுங்கள். வீட்டுக்கு வந்து சுவரில் தொங்கும் பழைய டைம்டேபிளைக் கிழித்துவிட்டு, உங்கள் வீட்டுக்குப் பொருந்துகிற புதியது ஒன்றை இன்று இரவே எழுதுங்கள்.

முயல்வோம்! வெல்வோம்!

— பத்தாம் வகுப்பு மாணவி