பிராங்க்ளின் எழுதிவைத்த தோல்வி

நான் இயற்பியல் ஆசிரியராகப் பணியாற்றிய காலத்தில் நிகழ்ந்த ஒன்று இன்றும் என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. ஆய்வகத்தில் மின்தேக்கிகளைப் பக்க இணைப்பில் பொருத்திச் சோதித்துக்கொண்டிருந்த மாணவர் ஒருவர், மின்சாரத்தைத் துண்டித்த பிறகு அச்சமின்றி முனைகளைத் தொட்டார், அதிர்ந்து பின்வாங்கினார். நல்லவேளையாகக் காயமில்லை. மறுநாள் அவருடைய செய்முறைப் பதிவேட்டில் எல்லா அளவீடுகளும் வாய்பாட்டுக்குப் பிசகின்றிப் பொருந்தியிருந்தன. அந்த அதிர்ச்சியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நானும் கையொப்பமிட்டேன்.

அந்தக் கையொப்பத்தை நினைக்கும்போதெல்லாம், ஏறத்தாழ 275 ஆண்டுகளுக்கு முன் இதே பாடத்தைத் தம் உடலாலேயே கற்ற ஒருவர் என் நினைவுக்கு வருகிறார். அவர் பெஞ்சமின் பிராங்க்ளின்.

1706-ஆம் ஆண்டு பாஸ்டன் நகரில் மெழுகுவத்தியும் சவர்க்காரமும் செய்து விற்றவரின் மகனாகப் பிறந்தவர் அவர். பள்ளிப் படிப்பு பத்து வயதோடு முடிந்தது. பன்னிரண்டு வயதில் அண்ணனின் அச்சகத்தில் பயிற்சியாளரானார். 1723-இல் வீட்டைவிட்டு வெளியேறிப் பிலடெல்பியா சென்றார். அச்சுத் தொழிலில் பொருள் ஈட்டி, நண்பர்களுடன் சேர்ந்து 1731-இல் நூலகம் ஒன்றை நிறுவினார். லண்டன் வணிகரான பீட்டர் காலின்சன் அந்த நூலகத்துக்கு அனுப்பிய ஒரு கண்ணாடிக் குழாய்தான், நாற்பது வயதை எட்டிக்கொண்டிருந்த அவரை மின்சாரத்தின் பக்கம் திருப்பியது.

அக்காலத்தின் புதுமை லேடன் ஜாடி. உள்ளும் புறமும் மின்கடத்தி, நடுவே கண்ணாடி. உலகின் முதல் மின்தேக்கி இதுவே. அதன் உட்புறத்தில் எவ்வளவு மின்னூட்டம் சேர்கிறதோ, அவ்வளவே வெளிப்புறத்திலிருந்து விலகுகிறது என்று பிராங்க்ளின் கண்டுகொண்டார். இன்று நாம் வழங்கும் நேர், எதிர் என்னும் மின் குறிகள் அந்தச் சிந்தனையில் பிறந்தவையே.

இதிலிருந்து அவருக்கு ஓர் ஆசை எழுந்தது. முதல் ஜாடியின் வெளிப்புறத்திலிருந்து விலகும் மின்னூட்டம் வீணாவானேன்? அதை இரண்டாம் ஜாடியின் உட்புறத்துக்கும், அதிலிருந்து விலகுவதை மூன்றாவதற்கும் அனுப்பினால், ஒரு ஜாடியை நிரப்பும் உழைப்பிலேயே எத்தனை ஜாடிகளையும் நிரப்பிவிடலாமே! இன்று நாம் தொடரிணைப்பு என்று சொல்வது இதைத்தான்.

1749-ஆம் ஆண்டு காலின்சனுக்கு எழுதிய கடிதத்தில் அவர் தமது கருவியை விவரிக்கிறார். பதினொரு கண்ணாடிப் பலகைகள். ஒவ்வொன்றின் இருபுறமும் மெல்லிய ஈயத் தகடுகள். மின்னேற்றும்போது அவை தொடரிணைப்பில் நிற்கும். பின்னர் ஒருபுறத் தகடுகளை எல்லாம் ஒரு கம்பியோடும், மறுபுறத் தகடுகளை எல்லாம் மற்றொரு கம்பியோடும் சேர்த்துப் பக்க இணைப்பாக்கினால், பதினொன்றின் வலிமையும் ஒருசேர வெளிப்படும் என்பது திட்டம். பீரங்கி வரிசையைக் குறித்த பேட்டரி என்ற சொல்லை அவர் இந்த அடுக்குக்குச் சூட்டினார்.

ஆனால் இயற்கை அந்த ஆசைக்கு இணங்கவில்லை. தொடரிணைப்பில் எல்லா மின்தேக்கிகளிலும் ஒரே அளவு மின்னூட்டம் ஏறுகிறது என்பது உண்மைதான். எனினும் மின்னழுத்தம் அவற்றுக்கிடையே பங்கிடப்படுகிறது. பதினொரு சமமான பலகைகள் என்றால், ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது பதினொன்றில் ஒரு பங்கு அழுத்தமே. நடுவிலுள்ள கண்ணாடியின் தடிமன் பதினொரு மடங்கானது போல, மொத்த மின்தேக்குத்திறன் பதினொன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. பக்க இணைப்பிலோ தகட்டின் பரப்பு பெருகியது போலத் திறன்கள் கூடுகின்றன. பத்து மைக்ரோ பாரட் மின்தேக்கிகள் இரண்டு, பக்க இணைப்பில் இருபது, தொடரிணைப்பில் ஐந்து.

வாய்பாடு இல்லாத காலத்திலும் பிராங்க்ளின் இந்தத் தடையைக் கண்டுகொண்டார். ஜாடிகள் கூடக்கூட அவை மின்னேற்றத்தை எதிர்ப்பதையும், தனி ஜாடியைவிட விரைவாக அது மின்னாக்கும் பொறிக்கே திரும்பிவிடுவதையும் குறித்தார். எளிதாக மின்னேற்றலாம் என்ற நோக்கம் முழுமையாக நிறைவேறாததால் அந்தக் கருவியை அதிகம் பயன்படுத்துவதில்லை என்றும் அதே கடிதத்தில் ஒப்புக்கொண்டார். 1751-இல் லண்டனில் அச்சான அவருடைய மின்னியல் நூலில், வெற்றிகளோடு இந்தத் தோல்வியும் இடம்பெற்றது. 1753-இல் ராயல் சொசைட்டி அவருக்குக் காப்ளி பதக்கம் அளித்தது.

பக்க இணைப்பின் வலிமையை அவர் அறிந்த விதம் கொடியது. 1750 டிசம்பர் 23 அன்று, மின்னதிர்ச்சியால் ஒரு வான்கோழியைக் கொல்ல முனைந்தார். நாற்பது சாதாரணக் குப்பிகளுக்கு ஈடான இரண்டு பெரிய ஜாடிகள் பக்க இணைப்பில் இருந்தன. கவனக்குறைவால் ஒரு கை மேல் கம்பிகளைத் தொட, மறு கை வெளிப்புறங்களோடு இணைந்த சங்கிலியைப் பிடித்திருந்தது. மின்னூட்டம் முழுவதும் அவர் உடல் வழியே பாய்ந்தது. சுற்றியிருந்தோர் கேட்ட வெடியோசையை அவர் கேட்கவில்லை. கண்ட ஒளியைக் காணவுமில்லை. மறுநாள் காலை வரை கைகளில் மரமரப்பு நீடித்தது.

இரண்டு நாள் கழித்து அவர் அதைக் கடிதமாக எழுதினார். வெட்கத்தால், செய்தி பரவ வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஆயினும் மின் ஆய்வில் ஈடுபட்டிருந்த நண்பர் ஒருவருக்கு எச்சரிக்கையாக அதைத் தெரிவிக்கலாம் என்று அனுமதித்தார். வெட்கம் அவருக்கும் இருந்தது. ஆனால் இன்னொருவரின் உயிர் அந்த வெட்கத்தைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

1790-இல், 84-ஆம் வயதில் அவர் மறைந்தார். இன்று துணைமின் நிலையங்களின் மின்தேக்கி அடுக்குகளில், உயர் அழுத்தத்தைத் தாங்கத் தொடரிணைப்பும் திறனைப் பெருக்கப் பக்க இணைப்பும் கைகோத்து நிற்கின்றன. மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் அவற்றில் மின்னூட்டம் தங்கியிருக்கும். அதை முறையாக வெளியேற்றிய பிறகே தொட வேண்டும்.

நம் ஆய்வகங்களிலோ, விடை பொருந்தினால் மதிப்பெண், பொருந்தாவிட்டால் அழித்தெழுதல். தவறிய அளவீட்டையும் அதன் காரணத்தையும் எழுதும் மாணவருக்கு மதிப்பெண் குறையக் கூடாது, கூட வேண்டும். அன்று நான் கையொப்பமிடாமல் அந்தப் பதிவேட்டைத் திருப்பிக் கொடுத்து, விடுபட்ட அந்த ஒரு வரியை எழுதச் சொல்லியிருக்க வேண்டும். அடுத்து அதே மேசையில் நிற்கப்போகும் மாணவருக்கு, பிழையற்ற அந்த அளவீடுகளைவிட அந்த வரியே பயன்பட்டிருக்கும்.