சிரிப்புக்கும் சுருதி சேர்த்த பினாங்கு கலைஞர் பி. ரம்லி

பினாங்கு, சுங்கை பினாங் வட்டாரத்தில் ஜாலான் பி. ரம்லி வழியே போகிறவர்கள் அந்தப் பலகை வீட்டைப் பார்த்திருப்பார்கள். இன்று நினைவில்லமாக இருக்கும் அந்த வீட்டில்தான் 1929 மார்ச் 22-ஆம் தேதி பி. ரம்லி பிறந்தார். அப்பா ஆச்சேயிலிருந்து வந்த கப்பல் தொழிலாளி.

ஜப்பானியர் ஆட்சியில் ஜப்பானியப் பாடல்களைக் கற்றார். பிறகு வயலின், பியானோ. 1948-இல் புக்கிட் மெர்தாஜாம் மேடையில் அவர் பாடியதைக் கேட்ட இந்திய இயக்குநர் பி.எஸ். ராஜ்ஹான்ஸ் சிங்கப்பூருக்கு அழைத்தார். ஜாலான் அம்பாஸ் ஸ்டூடியோவில் பின்னணிப் பாடகராகத் தொடங்கியவரை, 1950-இல் 'பக்தி' என்ற மலாய்ப் படத்தில் கதாநாயகனாக்கியவர் பினாங்கில் வளர்ந்த தமிழரான எல். கிருஷ்ணன்.

ஜோகெட், கெரோன்சோங், அரபு இசை, இந்திப்பட மெட்டு, ரும்பா, சா-சா-சா என எதையும் ரம்லி ஒதுக்கவில்லை. நகைச்சுவைப் பாட்டுதானே என்று அலட்சியமாகவும் இருந்ததில்லை. சோகப் பாடலுக்குத் தந்த அதே உழைப்பை அதற்கும் தந்தார். 1957-இல் வந்த 'பூஜாங் லாப்போக்' படத்தில் வாடகை அறையில் காலம் தள்ளும் மூன்று பிரம்மச்சாரிகளின் கைச்சுருக்கமே சிரிப்பாகிறது. அதனால்தான் ஏழை வீடுகளிலும் அது எடுபட்டது.

1962-இல் வந்த 'இபு மெர்துவாகு' அவருடைய இரண்டு முகங்களையும் காட்டும். சாக்ஸபோன் கலைஞன் காசிம் செலாமாட்டை வசதி படைத்த மாமியார் வெறுக்கிறார். இசைக்கலைஞன் என்றாலே அவருக்கு இளக்காரம். பினாங்குக்குக் குடிவந்த காசிம், வாத்தியத்தை விட்டுக் கூலி வேலைக்குப் போகிறான். மனைவி இறந்துவிட்டாள் என்ற பொய்த் தந்தியை நம்பி அழுதே பார்வை இழக்கிறான். முதல் பாதியில் வயிறு குலுங்கச் சிரித்தவர்கள் முடிவில் கண்ணைத் துடைத்தார்கள்.

அந்த இளக்காரம் பின்னர் ரம்லியின் வாழ்க்கையிலும் நுழைந்தது. 1964-இல் கோலாலம்பூர் மெர்டேக்கா ஸ்டூடியோவுக்கு மாறினார். அங்கே வசதி குறைவு. இளைஞர்களின் ரசனையும் கித்தார் இசைக்குழுக்கள் பக்கம் திரும்பியிருந்தது. அடுத்தடுத்த படங்கள் சரியாக ஓடவில்லை. வாய்ப்பும் வருமானமும் சுருங்கிய நிலையிலும் இசையமைப்பதை அவர் விடவில்லை. 1973 மே 29-ஆம் தேதி மாரடைப்பால் காலமானார். வயது 44.

'டான் ஸ்ரீ' விருது 1990-இல்தான் வந்தது. அவர் மறைந்து 17 ஆண்டுகளுக்குப் பிறகு. ஆனால் அவர் படங்கள் தொலைக்காட்சியில் ஓடும்போது மலாய், சீன, தமிழ்க் குடும்பங்கள் இன்றும் ஒரே இடத்தில் சிரிக்கின்றன, ஒரே பாட்டை முணுமுணுக்கின்றன.