பண்டார வன்னியனும் முல்லைத்தீவு மாளிகையும்

ஒரு மனையின் வரலாறு சிலவேளை ஒரு நாட்டின் வரலாறாய் முடியும். முல்லைத்தீவில் முன்னாளில் இருந்த அரசினர் மாளிகை அத்தகையது. அவ்வூரை ஆண்டோரை முறையே நோக்குவார்க்குப் பண்டார வன்னியன் சரித்திரம் இனிது விளங்கும்.

யாழ்ப்பாண அரசு 1619-இல் போர்த்துக்கேயர்வசமான பின்னரும், வன்னிநாட்டைக் குறுநிலத் தலைவராகிய வன்னியர்களே ஆண்டுவந்தனர். 1658-இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், அவர்களிடம் யானைகளைத் திறையாகக் கொண்டனர். திறை குறைதலும் பகை வளர்தலுமாக நூற்றாண்டொன்று கழிந்தது. 1782-இல் ஒல்லாந்தர் படையெடுத்து வன்னியரை அடக்கினர். பின்னர் நாகெல் என்னும் அதிகாரி முல்லைத்தீவிலிருந்து அந்நாட்டை நிருவகித்தார். 1795 ஒக்டோபர் முதலாந் திகதி அவ்வூர் ஆங்கிலேயர் கைப்பட்டது. நிலத்துக்குரியோர் காட்டிலிருக்க, கடல்கடந்து வந்தோர் ஒருவர்பின் ஒருவராய் மனைக்குரியோராயினர்.

இந்நிலையைப் பொறாது எழுந்தவனே பண்டார வன்னியன். 1803 யூன் மாதத்திலே கண்டியிற் புகுந்த ஆங்கிலப் படை அழிவுற்றது. அதுவே தக்க காலமெனத் துணிந்த வன்னியன், கண்டியரசின் துணையோடு ஆகஸ்ட் 25-ஆந் திகதி முல்லைத்தீவைத் தாக்கி, அரசினர் மாளிகையைக் கைப்பற்றினான். காவற்றலைவனாகிய டிரிபேர்க்கும் அவன் படைஞரும் தோணியேறி யாழ்ப்பாணஞ் சென்றனர். வன்னியன் படை ஆனையிறவு வரையும் பரந்தது.

ஆங்கிலேயர் யாழ்ப்பாணம், மன்னார், திருக்கோணமலை என்னும் மூவிடங்களினின்றும் படை செலுத்தினர். தான்தோன்றீசுவரர் திருக்கோயில் விளங்கும் ஒட்டுசுட்டானுக்கு அணித்தாகிய கற்சிலைமடுவில், ஒக்டோபர் 31-ஆந் திகதி விடியற்காலத்தே, மன்னாரினின்றும் வந்த படை வன்னியனை எதிர்பாராது தாக்கி வென்றது. அப்படையை நடத்தியவன், முன்னர் மாளிகையை விட்டோடிய டிரிபேர்க்கே. வெற்றிக்கும் தோல்விக்கும் இடையே கழிந்தவை 67 நாட்களே.

அவ்விடத்தில் ஆங்கிலேயர் நாட்டிய கல், வன்னியன் தோற்ற செய்தியையே கூறியது, இறந்தானென்று கூறவில்லை. ஆயினும் அந்நாளையே அவன் இறந்த நாளாகப் பலர் கொள்வாராயினர். அது பிழை. தோல்வியின் பின் சில ஆண்டுகள் கழிந்தும், அவன் வன்னி மக்களை ஆங்கிலேயருக்கு மாறாக எழுப்ப முயன்றான்.

ஆசிரியர்களே, இப்பிழையைச் சிறிதென்று கருதற்க. ஒரே நாளிற் பொருது மடிதல் வீரமே. எனினும், படையும் மனையும் இழந்த பின்னரும் உரிமையை மறவாது ஆண்டுகள் பல உழைத்தல் அதனினும் அரிது. கல்லை நாட்டியோர் வென்ற நாளை மாத்திரம் பொறித்தனர். எஞ்சிய ஆண்டுகளை மாணாக்கர் நெஞ்சிற் பொறித்தல் நம் கடன். நாடகத்திலே கண்டதையும் சரித்திரத்திலே உள்ளதையும் வேறுபடுத்தி உணர்த்துவதே அவ்வீரனுக்கு நாம் செய்யும் மெய்யான சிறப்பாகும்.