வேலூர் டாக்டரம்மாள்

கோயமுத்தூரில் ஆஸ்பத்திரிகளுக்குக் குறைவில்லை. 1966-ல் சர்க்கார் வைத்தியக் கல்லூரியும் இந்நகரில் ஏற்பட்டது. அண்டை இராஜ்யத்திலிருந்தும் நோயாளிகள் இங்கு வருகிறார்கள். ஆயினும் ஆனைமலையிலும், அந்தியூரை அடுத்த பர்கூர் மலையிலும், பாதையற்ற சில குடியிருப்புகளிலிருந்து நோயாளியைத் தொட்டில் கட்டித் தோளில் சுமந்து வரும் செய்தியை நாம் இன்னமும் படிக்கிறோம். கொங்கு நாட்டின் இவ்விரு நிலைகளையும் ஒருங்கே எண்ணும்போது, வைத்தியத்தைக் கிராமத்தின் வழிக்கே கொண்டுசென்ற ஒரு மாதரசியின் சரித்திரம் நம் நினைவுக்கு வருகிறது. அவர்தான் வேலூர் டாக்டர் ஐடா ஸ்கட்டர் அம்மையார்.

அம்மையார் 1870-ம் வருஷம் டிசம்பர் 9-ந் தேதி இராணிப்பேட்டையில் பிறந்தார். அவருடைய பாட்டனார் இலங்கையிலும் பின்னர் சென்னையிலும் வைத்தியம் செய்த அமெரிக்கப் பாதிரியார், தந்தையாரும் வைத்தியரே. தாது வருஷப் பஞ்சத்தின் கொடுமையைச் சிறு பிராயத்திலேயே கண்ட அவருக்கு இந்நாட்டில் தங்கும் எண்ணமே இருக்கவில்லை. தாயாரின் நோயை முன்னிட்டுத்தான் 1890-ல் அமெரிக்காவிலிருந்து திண்டிவனத்திற்குத் திரும்பினார்.

அங்கே ஓர் இரவில் மூன்று கணவன்மார், ஒருவர் பின் ஒருவராக அவர் வீட்டு வாசலுக்கு வந்தனர். ஜாதியாலும் மதத்தாலும் வேறுபட்ட அவர்களுடைய விண்ணப்பம் ஒன்றே. பிரசவ வேதனையில் துடிக்கும் மனைவியை ஒரு பெண் வந்து பார்க்கவேண்டும். அம்மையாரோ அப்பொழுது வைத்தியம் அறியாதவர். தேர்ந்த வைத்தியரான தந்தையார் உடனே புறப்படச் சித்தமாயிருந்தார். அன்னிய ஆடவர் தங்கள் மனைவியரைத் தொடலாகாது என்று மூவரும் திரும்பிச் சென்றனர். பொழுது விடிவதற்குள் அம்மூன்று பெண்களும் மாண்டனர்.

இவ்விடத்தில் நாம் சற்று நின்று யோசிக்கவேண்டும். நமது குறைகளுக்கெல்லாம் அன்னிய ஆட்சியையே காரணம் காட்டிப் பழகியவர்கள் நாம். ஆனால் அன்றிரவு வைத்தியர் நாற்பது மைலுக்கு அப்பால் இல்லை. அந்த வீட்டிலேயே இருந்தார். அவருக்கும் அப்பெண்களுக்கும் குறுக்கே நின்றது நமது வழக்கம். அவ்வழக்கத்தைக் காத்து நின்றவர்கள் ஆண்களாகிய நாமே.

அம்மையாரின் மனம் மாறிற்று. அமெரிக்கா சென்று, கார்னெல் சர்வகலாசாலையில் 1899-ல் வைத்தியப் பட்டம் பெற்று, 1900-ல் திரும்பினார். வேலூரில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமாக நாற்பது படுக்கைகள் கொண்ட ஆஸ்பத்திரியை 1902-ல் திறந்தார். வரக்கூடியவர்கள் வந்தார்கள். வண்டிக்கூலி இல்லாதவனும், ஒரு நாள் கூலியை இழக்க முடியாதவனும் வரவில்லை. ஆகவே அம்மையாரே புறப்பட்டார். வேலூரிலிருந்து குடியாத்தம் செல்லும் சாலையில், குறித்த நாளில் குறித்த மரநிழல்களில் வண்டியை நிறுத்தி, புண்ணைக் கழுவிக் கட்டினார், கண்ணுக்கு மருந்திட்டார். கடும் நோயாளிகளை வேலூருக்கு அழைத்துச் சென்றார். மாட்டு வண்டியில் செய்த யாத்திரை 1909 முதல் மோட்டாரில் நடந்தது.

ஒருவர் எத்தனை மரநிழலில்தான் நிற்க முடியும்? 1909-ல் தாதியர் பள்ளியையும், 1918-ல் பெண்களுக்கான வைத்தியப் பள்ளியையும் அம்மையார் ஏற்படுத்தினார். இந்நாட்டுப் பெண்கள் இப்படிப்பிற்கு வரமாட்டார்கள் என்று அதிகாரிகள் ஐயுற்றனர். பெண்கள் வந்தார்கள், 1922-ல் முதல் வகுப்பின் பதினால்வரும் பரீக்ஷையில் தேறினார்கள். காந்தியடிகளும் அப்பள்ளியைப் பார்வையிட்டார். பின்னர், குறுகிய காலப் படிப்பு இனிச் செல்லாது, முழுப் பட்டப் படிப்பே வேண்டும் என்று சர்க்கார் விதித்தபோது அம்மையாருக்குப் பிராயம் எழுபதை நெருங்கிற்று. அவர் பள்ளியை மூடிவிடவில்லை. கடல் கடந்து சென்று நிதி திரட்டினார். 1942-ல் அது பட்டக் கல்லூரியாயிற்று. ஏழைக்கு இரண்டாந்தர வைத்தியம் போதும் என்ற எண்ணத்திற்கு அவர் இணங்கவில்லை. அவருக்குப் பின் தலைமை ஏற்றவர் நம் நாட்டுப் பெண்மணியான டாக்டர் ஹில்டா லாசரஸ். அம்மையார் 1960 மே மாதம் கோடைக்கானலில் காலமானார்.

மிஷன்களின் மதப் பிரசாரத்தில் நமக்கு உடன்பாடில்லை. ஆயினும் நன்றி மறப்பது நமது மரபன்று. அம்மையாருக்குச் சிலை எழுப்புவதால் மட்டும் அந்நன்றிக் கடன் தீராது. அவருடைய வழி மூன்று: வைத்தியம் கிராமத்திற்குச் செல்லவேண்டும்; அதைச் செய்வோர் அம்மண்ணின் மக்களாயிருக்கவேண்டும்; அதன் தரம் பட்டணத்திற்குக் குறைந்ததாயிருத்தல் கூடாது. பர்கூர் மலைப் பெண் ஒருத்தி டாக்டராகித் தன் மலைக்கே திரும்புவதற்கு, பாதையும் பள்ளிக்கூடமும் உபகாரச் சம்பளமும் வேண்டும். மேடைகளில் சுயராஜ்யத்தின் பெருமை பேசும் நம் ஊழியர்கள், இவற்றிற்காக மலை ஏறி இறங்கியது எத்தனை முறை? திண்டிவனத்தில் அன்றிரவு திரும்பிப் போன மூவருக்கு அறியாமை என்ற சமாதானமேனும் உண்டு. படித்தவர்களாகிய நமக்கு அதுவும் இல்லை.