உலர்ந்த இழையின் பின்னால் போனவர்

பிராக்டிகல் தேர்வு சமயத்தில் அடைமழை பிடித்துக்கொண்டால் நம் லேபில் என்ன கதியாகும் என்று வேதியியல் படித்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மூடி சரியாக மூடாத பாட்டிலில் கால்சியம் குளோரைடு கசிந்து தண்ணீராக நிற்கும். காற்றின் ஈரம் செய்கிற வேலை நமக்கு அந்த அளவில்தான் பழக்கம். அதே ஈரத்தைக் கூட்டியும் குறைத்தும், டி.என்.ஏ.வுக்கு ஒன்றல்ல, இரண்டு உருவம் உண்டு என்று தெளிவாகப் பிரித்துக் காட்டியவர் ரோசலிண்ட் ஃபிராங்க்ளின்.

1920 ஜூலை 25-இல் லண்டனில் ஒரு வசதியான யூதக் குடும்பத்தில் பிறந்தார். 1938-இல் கேம்பிரிட்ஜின் நியூன்ஹாம் கல்லூரியில் சேர்ந்து 1941-இல் படிப்பை முடித்தார். ஆனால் கேம்பிரிட்ஜ் அப்போது பெண்களுக்கு முழுப் பட்டம் தருவதில்லை. பேருக்கு ஒரு பட்டம், அவ்வளவுதான்! 1948-இல்தான் அது மாறியது. கான்வகேஷன் போட்டோவை வீட்டுக் கூடத்தில் மாட்டி வைத்திருக்கும் சகோதரிகள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பிறகு போர்க்காலத்தில் நிலக்கரி ஆராய்ச்சி, அதற்கு 1945-இல் டாக்டரேட். 1947 முதல் பாரிஸில் எக்ஸ் கதிர் வேலை.

1951 ஜனவரியில் லண்டன் கிங்ஸ் கல்லூரிக்கு வந்தார். அங்கே மாரிஸ் வில்கின்ஸ் ஏற்கெனவே டி.என்.ஏ.வைத் தொட்டு வைத்திருந்தார். யாருக்கு எந்த வேலை என்று தலைவர் ராண்டல் இருவரையும் உட்கார வைத்துப் பேசவில்லை. அதனால் முதல் நாளிலிருந்தே மனக்கசப்பு. இந்த மாதிரி டிபார்ட்மெண்ட் சண்டை நமக்கு ஒன்றும் புதிதில்லை.

ரோசலிண்ட் செய்தது இதுதான். ஹைட்ரஜன் வாயுவை உப்புக் கரைசல் வழியாகச் செலுத்தி, டி.என்.ஏ. இழையைச் சுற்றி வேண்டிய அளவு ஈரத்தை நிறுத்தினார். ஈரப்பதம் 75 சதவீதம் வாக்கில் இருந்தால் இழை குட்டையாகி, படிகம் போல ஒழுங்காக அடுங்கும். இது ஏ வடிவம். ஒரு சுற்றுக்கு சுமார் 11 படிகள். ஈரம் 90-ஐத் தாண்டினால் இழை நீண்டு பி வடிவமாகும். சுற்றுக்கு சுமார் 10 படிகள். இரண்டும் கலந்து கிடந்ததால்தான் முந்தைய படங்கள் மங்கலாக இருந்தன.

1952 மே மாதம் அவரும் மாணவர் ரேமண்ட் காஸ்லிங்கும் எடுத்த 51-ஆம் படம் பி வடிவத்தினுடையது. அதில் தெரியும் பெருக்கல் குறி, திருகுச் சுருளின் அடையாளம். ரோசலிண்டோ அதை ஓரமாக வைத்துவிட்டு ஏ வடிவத்தின் கணக்கிலேயே மாதக்கணக்கில் உட்கார்ந்தார். அதில் புள்ளிகள் அதிகம், துல்லியமும் அதிகம். ஏ வடிவம் சுருளே இல்லை என்று சந்தேகப்பட்டு, அந்த ஜூலையில் சுருளுக்குக் கருப்புக் கரை போட்ட மரண அறிவிப்பு எழுதி விளையாடியதும் உண்டு. அந்த விஷயத்தில் அவர் கணிப்பு தப்பு.

1953 ஜனவரியில் வில்கின்ஸ் அந்தப் படத்தை வாட்சனுக்குக் காட்டினார், ரோசலிண்டைக் கேட்காமலே. அடுத்து கிங்ஸ் கல்லூரி அறிக்கை ஒன்று கிரிக் கைக்குப் போனது. அதிலிருந்த ஏ வடிவத்தின் படிக அளவைப் பார்த்துத்தான், இரண்டு இழைகளும் எதிரெதிர் திசையில் ஓடுகின்றன என்று கிரிக் பிடித்தார். 51-ஆம் படத்தைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். வீண் என்று சொல்லப்பட்ட ஏ வடிவக் கணக்கு கொடுத்த இந்தப் பாதியைச் சொல்கிறவர்கள் குறைவு. எனக்கு அதில் வருத்தம்தான்.

அதே வருஷம் பெர்க்பெக் கல்லூரிக்கு மாறி, புகையிலைத் தேமல் வைரஸை எடுத்துக்கொண்டார். குச்சி போன்ற அந்த வைரஸில் ஆர்.என்.ஏ. நடுக்குழியில் இல்லை, புரதச் சுருளுக்கு உள்ளேயே ஒற்றை இழையாகப் பதிந்து ஓடுகிறது என்று காட்டினார். 1956-இல் கருப்பைச் சினையகத்தில் புற்றுநோய் என்று தெரிந்தது. ஆபரேஷனுக்குப் பிறகும் லேபுக்கு வந்துகொண்டிருந்தார். 1958 ஏப்ரல் 16-இல் காலமானார், வயது 37. அவர் குழு செய்த வைரஸ் மாடல் இடம்பெற்ற பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சி மறுநாள் திறந்தது. 1962-இல் வாட்சன், கிரிக், வில்கின்ஸ் மூவருக்கும் நோபல் கிடைத்தது.

அந்த ஏ வடிவம் என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். வெறும் உலர்ந்த டி.என்.ஏ., லேபில் மட்டும் தோன்றுவது என்றே பல காலம் பாடம் நடந்தது. ஆனால் ஆர்.என்.ஏ. இரட்டை இழையாகும்போது ஏ வடிவத்தைத்தான் எடுக்கிறது; அதன் சர்க்கரையில் கூடுதலாக உள்ள ஓர் ஆக்ஸிஜன் பி வடிவத்துக்கு இடம் கொடுப்பதில்லை. நீளமான இரட்டை ஆர்.என்.ஏ. உள்ளே வந்தால் நம் செல்கள் அதை வைரஸ் என்று அடையாளம் கண்டு எச்சரிக்கை மணி அடிக்கின்றன. 1979-இல் இடப்பக்கம் முறுக்கிய இசட் வடிவம் வந்தது. சென்னையில் பிறந்த சங்கர் பாலசுப்ரமணியனின் கேம்பிரிட்ஜ் குழு 2013-இல் நான்கு இழை டி.என்.ஏ.வை மனித செல்லுக்குள்ளேயே காட்டியது.

2015-இல் இன்னொரு செய்தி. சுமார் 80 டிகிரி சூட்டில், அமிலம் கொதிக்கும் ஊற்றுகளில் வாழும் நுண்ணுயிரைப் பிடிக்கும் ஒரு வைரஸ் இருக்கிறது. அதன் டி.என்.ஏ. தலை முதல் கால் வரை ஏ வடிவத்தில் புரதத்துக்குள் சுற்றப்பட்டிருக்கிறது. அந்த வைரஸும் குச்சி வடிவம்தான், பெர்க்பெக்கில் ரோசலிண்ட் படமெடுத்த வைரஸைப் போலவே.