கிணற்றைத் திறந்த வீடு

புனே நகரத்திலே, கஞ்ச் பேட்டைப் பகுதியிலே, பழைய வீடு ஒன்று இருக்கிறது. மன்னன் கட்டிய மாளிகை அல்ல. பூ வணிகக் குடும்பத்திலே பிறந்த ஜோதிராவ் புலே வாழ்ந்த இல்லம். இன்று அது நினைவுக் காட்சியகம். அவர் வாழ்வின் நிகழ்ச்சிகளை அங்கே படங்களாக வைத்திருக்கிறார்கள். ஆனால் தோழர்களே, அந்த இல்லத்திலே நாம் முதலில் காணவேண்டியது கிணறு! ஏன் என்பதைச் சொல்கிறோம்.

1827இல் பிறந்தார் புலே. பேஷ்வாக்களின் அரண்மனைக்குப் பூ கொடுத்த குடும்பம். அதனாலேயே அந்தப் பெயர். 13 வயதிலே மணம். மணமகள் சாவித்திரிக்கு வயது 9! எழுத்தறியாத அந்தச் சிறுமிக்குக் கணவரே ஆசானானார்.

1848இல் பார்ப்பன நண்பர் ஒருவரின் திருமண ஊர்வலத்திலே நடந்து சென்றார் புலே. சூத்திரன் எங்களோடு சமமாக நடப்பதா என்று சீறினர், விரட்டினர். உள்ளம் புண்பட்டது; ஆனால் ஊமையாகிவிடவில்லை. அதே ஆண்டு பெண்களுக்குப் பள்ளி திறந்தார். சாவித்திரி ஆசிரியையானார். தெருவிலே சென்ற அம்மையார் மீது சாணத்தையும் சேற்றையும் வீசினர். மாற்றுச் சேலை ஒன்றைக் கையோடு எடுத்துச் சென்றார். பள்ளியிலே உடுத்திக்கொண்டு பாடம் நடத்தினார்!

ஊரார் மிரட்டினர், தந்தை அஞ்சினார். பள்ளியை விடு, இல்லையேல் வீட்டை விடு என்ற நிலை. 1849இல் கணவனும் மனைவியும் வீட்டை விட்டு வெளியேறினர். பள்ளியை விடவில்லை.

வீடிழந்தவர் பின்னர் தம் வீட்டை என்ன செய்தார்? 1863இல், கருவுற்ற விதவைகள் அச்சமின்றிப் பிள்ளை பெறப் புகலிடம் அமைத்தார். அங்கே பார்ப்பன விதவை ஒருவர் பெற்ற மகனையே பின்னர் தத்தெடுத்தார். தம்மை விரட்டிய குலத்தின் குழந்தை என்று தள்ளினாரா? இல்லை! பகை மனிதர் மீதல்ல, மனிதரைப் பிரித்த முறை மீது.

1868 வந்தது. பொதுக் கிணற்றிலே தீண்டப்படாதார் நீரெடுக்க முடியாத காலம். தாகத்திற்கும் சாதி பார்த்த காலம்! புலே தம் வீட்டுக் கிணற்றை அவர்களுக்குத் திறந்துவிட்டார். உறவு போகும், ஊர் ஒதுக்கும் என்பதை அறிந்தே திறந்தார்.

அதற்குப் பிறகுதான், 1873இல், சத்திய சோதக் சமாஜம் கண்டார். அதே ஆண்டு அவர் எழுதிய குலாம்கிரி நூலை, நீக்ரோ அடிமைகளின் விடுதலைக்குப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். அந்தச் சமாஜத்திலே வளர்ந்தவர்தான் நாராயண் மேகாஜி லோகாண்டே. பம்பாய் ஆலைத் தொழிலாளரைத் திரட்டினார். 1890இல் ஞாயிறு விடுமுறையைப் பெற்றுத் தந்தார். பாட்டாளித் தோழர்களே, இந்த ஞாயிறு ஓய்வுக்குப் பின்னே புலேயின் பாசறை இருக்கிறது!

1890 நவம்பர் 28இல் புலே மறைந்தார். தத்துப்பிள்ளை கொள்ளிவைப்பதா என்று உறவினர் தடுத்தபோது, சாவித்திரி அம்மையாரே சட்டி ஏந்தி முன்னே நடந்தார். 1897இல் பிளேக் நோயாளிகளுக்குத் தொண்டு செய்தார். அந்த நோய்க்கே பலியானார். டாக்டர் அம்பேத்கர், புத்தரோடும் கபீரோடும் புலேயைத் தம் ஆசானாக ஏற்றார்.

இத்தனையும் எண்ணித்தான் கிணற்றைப் பாருங்கள் என்றோம். சமாஜம் கண்டது 1873; கிணற்றைத் திறந்தது 1868. ஊரைத் திருத்தச் சங்கம் அமைக்குமுன் வீட்டைத் திருத்தினார். மேடையிலே சமத்துவம் முழங்கிவிட்டு, மகளுக்கு வரன் தேடும்போது சாதி கேட்போர் நம்மிடையே இல்லையா? தலைவர் படத்தைச் சுவரிலே மாட்டிவிட்டு, வருபவரின் சாதியறிந்து திண்ணையோடு நிறுத்துவோர் இல்லையா? புனே செல்லும் வாய்ப்புக் கிடைத்தால் அந்த இல்லத்தைப் பார்த்து வாருங்கள். கிட்டாவிட்டாலும் குறையில்லை. நம் வீட்டிலே இன்னும் மூடிக்கிடக்கும் கதவு எது என்று பார்ப்போம். இன்றே அதைத் திறப்போம்!